ஐந்நூறு டிகிரிப் பொடி

பிப்ரவரி 12

அண்ணிக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. நீங்களும் அண்ணனும் தனித்தனியாக இருக்கும்போது நான் உங்களுக்கு என்ன முறை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேறு எப்படி எழுதினாலும் கை வரவில்லை, அதனால் அண்ணிதான்.

போனில் பேசினால் நமக்குள் என்ன ஆகிறது என்று போன மாதம் பார்த்துவிட்டோம். நான் அண்ணனுக்குப் பரிந்து ஒரு வார்த்தை சொன்னேன், நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் பெட்டிக்குள் இந்தக் கடிதம். புது வேலையில் சேர்ந்த கையோடு உங்களைத் தொந்தரவு செய்யக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் எக்ஸ்ரே கதிர்க்கூடம் மாதிரி ஒன்று இந்தப் பக்கம் எங்குமே இல்லை. அதற்குள் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

பெட்டியில் சீல் வைத்த ஒரு ஃபாயில் பை இருக்கும். அதற்குள் ஸ்பாஞ்சில் பதித்த மூன்று குப்பிகள். மூன்றிலும் நியோடிமியம் ஆக்சைடுதான், ஒரே கையால் ஒரே நாளில் செய்தது. உலையில் ஒன்றை ஐந்நூறு டிகிரியில் சூடாக்கினேன், ஒன்றை அறுநூற்றைம்பதில், ஒன்றைத் தொள்ளாயிரத்தில். உங்களுக்குத் தெரியாததில்லை: குறைந்த சூட்டில் ஒவ்வொரு நியோடிமியம் அணுவைச் சுற்றியும் ஆறு ஆக்சிஜன் நிற்கும், நன்றாகச் சூடேற்றினால் அடுக்கே மாறி ஏழு நிற்கும். பொடியின் மணிகள் மிக நுண்ணியதாக இருந்தால் இந்த மாற்றம் மணியின் வெளி ஓரத்தில் முதலில் தொடங்குகிறது, உள்ளே பிறகுதான் போகிறது என்பது என் ஆராய்ச்சி. அறுநூற்றைம்பது குப்பிதான் அதற்குச் சாட்சி. என் ஆய்வுக் குழுவில் இருக்கும் தேர்வாளர் ஒருவர் நம்பவில்லை. அணுவுக்கு எத்தனை ஆக்சிஜன் என்று எண்ணிக் காட்டச் சொல்லி எழுதிவிட்டார்.

ஏப்ரல் கடைசியோடு என் பிஎச்.டி. பதிவு முடிகிறது. ஏற்கெனவே நீட்டித்து வாங்கியாயிற்று, இனிமேல் கிடையாது என்று ஆபீஸில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் உங்கள் அளவீடு வராவிட்டால் பட்டம் கிடையாது, இத்தனை வருடம் உலை முன்னால் நின்றது வீண்.

பெட்டியை அண்ணனிடம் கொடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவர் தன் மூக்குக்கண்ணாடிக்கடைக்குப் போகிற வழியில்தான் கூரியர் ஆபீஸ். உங்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்படிக்கு,
சுண்டெலி (நீங்கள் வைத்த பெயர் இன்னும் செல்லுமானால்)

மார்ச் 9

ஆய்வு மாணவி அவர்களுக்கு,

உங்கள் பெட்டி போன வாரம்தான் வந்து சேர்ந்தது. உங்கள் ஊர் கூரியர்காரர்கள் நடந்து வருகிறார்கள் போலிருக்கிறது. கதிர்க் கருவியில் எனக்கு ஒதுக்கிய ஷிஃப்டில் பாதியை உங்கள் குப்பிகளுக்குக் கொடுத்து அளந்துவிட்டேன். எண்கள் மின்னஞ்சலில் வரும். வார்த்தையில் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

தொள்ளாயிரம் டிகிரிக் குப்பியில் அணுவுக்கு ஏழு ஆக்சிஜன், கொஞ்சம் கூடுதலாக. அதில் பெரிய சிக்கல் இல்லை. அறுநூற்றைம்பதில் ஏறக்குறைய எட்டு. ஐந்நூறில் எட்டையும் தாண்டிவிட்டது. ஆறு என்பது எதிலுமே இல்லை. உங்கள் கணக்குப்படி சூடு ஏற ஏற எண் கூட வேண்டும். இங்கே சூடு குறையக் குறையக் கூடுகிறது. ஹைட்ராக்சைடில்தான் நியோடிமியத்தைச் சுற்றி ஒன்பது நிற்கும். ஆகவே நீங்கள் அனுப்பியதில் பெரும்பகுதி ஆக்சைடே இல்லை. நிறமும் அதையே சொல்கிறது. நியோடிமியம் ஆக்சைடு வெளிர்நீலமாக இருக்க வேண்டும். ஐந்நூறு டிகிரிப் பொடி இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தாற்போல் இருந்தது.

தயாரிப்பில் எங்கே பிசகியது என்று பாருங்கள். அளவீட்டில் பிழை இல்லை, திரும்பவும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அளவீட்டுப் பொறியாளர்

மார்ச் 13

அண்ணிக்கு,

'ஆய்வு மாணவி அவர்களுக்கு.' நல்லா இருக்கு அண்ணி, ரொம்ப நல்லா இருக்கு. நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு உலை போடக் கற்றுத் தந்தது, என் பரீட்சைக்கு நீங்கள் லீவு போட்டது எல்லாம் இனி வேறு யாரோ செய்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

மின்னஞ்சலைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வழிகாட்டி அந்த எண்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அப்படிச் செய்தால் எதிரே இருப்பவர் கதை முடிந்தது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். "ஆக்சைடுக்கும் ஹைட்ராக்சைடுக்கும் வித்தியாசம் தெரியாம இத்தனை வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தே?" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்துக் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

நான் அனுப்பியது நீலம். என் இரண்டு கண்ணாலும் பார்த்து அடைத்தேன். மூடும்போது எங்கள் சின்ன எக்ஸ்ரே கருவியில் வைத்தும் பார்த்தேன், சுத்தமான ஆக்சைடு. நீங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்திருப்பீர்கள். நியோடிமியம் ட்யூப்லைட்டில் ஒரு நிறம் காட்டும், வெயிலில் இன்னொன்று காட்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தான். அவசர அவசரமாகப் பார்த்தீர்களா, இல்லை பார்க்கவே பிடிக்காமல் பார்த்தீர்களா?

கேட்டே விடுகிறேன். அண்ணன் மேல் உங்களுக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம். வேலை கிடைத்தபோது 'போய்ட்டு வா' என்று சொல்லிவிட்டு, நீங்கள் பெட்டி கட்ட ஆரம்பித்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார், கிளம்புகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது தப்புத்தான். அதற்காக என் பொடியில் காட்டாதீர்கள். மீதி இருந்ததையெல்லாம் வழித்து அந்தக் குப்பிகளில்தான் போட்டேன். என்னிடம் வேறு இல்லை.

உங்களுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

சுண்டெலி

மார்ச் 18

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். பழிவாங்க வேண்டுமென்றால் எனக்கு வழி தெரியாதா? அதற்குக் கதிர்க்கூடத்தின் ஷிஃப்டைச் செலவழிக்க நான் என்ன பைத்தியமா? ட்யூப்லைட்டிலும் பார்த்தேன், ஜன்னலிலும் பார்த்தேன். பக்கத்தில் எங்கள் அலமாரியில் இருக்கும் நல்ல ஆக்சைடை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். உன்னுடையது வேறு நிறம்தான்.

நீ என்னை அப்படி நினைத்தது வலித்தது. வலித்தது என்பதை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன், ஏனென்றால் உனக்கு நாள் இல்லை.

நீ பொய் சொல்லமாட்டாய். நீலம் என்று நீ சொன்னால் மூடும்போது அது நீலம்தான். நானும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் நடுவழியில் ஏதோ நடந்திருக்கிறது. கழித்துப் போட்ட பேக்கிங் சாமான்களை மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் சேர்த்து வைப்பேன், அதைக் கிளறி உன் ஃபாயில் பையை எடுத்தேன். நான் கத்தரித்த பக்கம் ஒன்று. அதற்கு எதிர்ப்பக்கத்தில் உங்கள் கூடத்து சீல் மெஷின் போடும் இரட்டைக்கோடு, அளவெடுத்தாற்போல நேராக இருக்கிறது. நான் கத்தரித்த பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு கோடு, கோணல்மாணலாக, அங்கங்கே கருகி. கோட்டின் நடுவில் நகத்தால் கீறியது போல ஒரு வரி ஓடுகிறது.

அந்த வரியை எனக்குத் தெரியும். நம் வீட்டு இஸ்திரிப்பெட்டியின் மூக்கில் ஒரு வெட்டு உண்டு. உங்க அண்ணனின் சட்டைக் காலர் ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு இருக்கும். புதுப்பெட்டி வாங்கலாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

கூரியர் சீட்டையும் பார்த்தேன். நீ கடிதத்தில் போட்ட தேதிக்கும் அவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்ட தேதிக்கும் நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி. அந்த நாட்களில் யாரோ பையைத் திறந்து வைத்திருந்து, பிறகு இஸ்திரிப்பெட்டியால் ஒட்டியிருக்கிறார்கள். குப்பி மூடி பிளாஸ்டிக். அது காற்றின் ஈரத்தைத் தடுக்காது, கொஞ்சம் தாமதமாக்கும், அவ்வளவுதான். உன் மணிகள் நுண்ணியவை. குறைவாகச் சூடாக்கியது அதிலும் நுண்ணியது, அதனால் அதுதான் அதிகம் குடித்திருக்கிறது. எண்கள் தலைகீழாக வந்ததற்குக் காரணம் இது.

ஏன் திறந்தார் என்று உங்க அண்ணனைக் கேள். நான் கேட்கமாட்டேன்.

அண்ணி

மார்ச் 23

அண்ணிக்கு,

முதலில் மன்னிப்பு. பெரிய எழுத்தில் எழுத வேண்டும் போல இருக்கிறது. நான் எழுதியதை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

கேட்டேன். அண்ணன் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "பையைத் திறந்தீங்களா?" என்றேன். குழாயை மூடாமலே நின்றார். எப்போதும் போல மென்று முழுங்கப் பார்த்தார், நான் விடவில்லை. கடைசியில் சமையலறை இழுப்பறையைத் திறந்து உங்கள் குக்கர் வெயிட்டை எடுத்து மேடைமேல் வைத்தார்.

நீங்கள் போகும்போது குக்கரை எடுத்துப் போனீர்கள், வெயிட்டை விட்டுவிட்டீர்களாம். எனக்கு இது தெரியவே தெரியாது. அதை உங்களுக்கு அனுப்ப நினைத்திருக்கிறார். பெட்டிக்குள் சும்மா போட்டால் உருண்டு குப்பியை உடைத்துவிடுமே என்று பையைக் கத்தரித்துப் பார்த்தாராம். ஸ்பாஞ்சில் நாலு குழி, குப்பி மூன்றுதான். நாலாவது குழியில் வெயிட் கச்சிதமாக உட்கார்ந்ததாம். "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வேறு.

"அப்ப அனுப்ப வேண்டியதுதானே? எதுக்கு எடுத்தீங்க?"

வெயிட்டைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, "வெயிட்டையும் அனுப்பிட்டா அங்கேயே சமைச்சு சாப்பிட்டு இருந்துடுவா இல்ல?" என்றார். மறுபடி வைத்திருக்கிறார், மறுபடி எடுத்திருக்கிறார். அத்தனை நாளும் அந்தப் பை வாயைப் பிளந்துகொண்டு அடுப்புக்கு மேல் தட்டில் இருந்திருக்கிறது. கெட்டிலிலிருந்து வருகிற ஆவி நேராக அங்கேதான் போகும். கடைசியில் வெயிட் இல்லாமலே ஒட்டி அனுப்பியிருக்கிறார். பொடிக்கு ஈரம் ஆகாது என்று அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. எனக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

இப்போது ஒன்று கேட்கப் போகிறேன், திட்டாமல் படியுங்கள். மிச்சப் பொடி உங்களிடம் இருக்கிறது. உங்கள் கூடத்திலும் சின்ன உலை உண்டு. ஐந்நூறு குப்பியை அங்கேயே திரும்ப ஐந்நூறில் வைத்து எடுங்கள். அறுநூற்றைம்பதையும் அப்படியே. ஈரம் போய்விடும், அணுவுக்கு ஆறு வந்துவிடும், நீலமாகிவிடும். யாருக்கும் தெரியாது. நான் செய்த அதே பொடிதானே? ஏப்ரல் கடைசி கண் முன்னால் நிற்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. ப்ளீஸ் அண்ணி.

சுண்டெலி

பி.கு.: வெயிட் இல்லாமல் இத்தனை நாள் எப்படித்தான் சமைக்கிறீர்கள்?

மார்ச் 27

சுண்டெலிக்கு,

மாட்டேன்.

திட்டவில்லை. ஆனால் மாட்டேன். நீ சொன்னபடி சூடாக்கினால் ஈரம் போகும், நீலமும் வரும், எண்ணினால் ஆறுகூடக் கிடைக்கலாம். அது உன் பொடியாக இருக்காது. தண்ணீர் உள்ளே புகுந்தபோதே பழைய மணிகள் உடைந்து அணுக்கள் வேறு அடுக்குக்குப் போய்விட்டன. அதைச் சூடாக்கினால் வருவது நான் இங்கே செய்த புதுப் பொடி. அதன் மணி எவ்வளவு பெரியது, ஓரம் எப்படி இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் ஆராய்ச்சியே ஓரத்தைப் பற்றித்தான். அந்த ஓரம் அழிந்துபோன பொடியை வைத்துக்கொண்டு 'இதோ பாருங்கள்' என்று தேர்வாளரிடம் எப்படி நீட்டுவாய்? யாருக்கும் தெரியாது என்கிறாய். உனக்குத் தெரியும். வயதானாலும் உனக்கு அது தூக்கத்தில் வரும், உன்னை எனக்குத் தெரியாதா?

வேறு வழி பார்த்திருக்கிறேன். ஏப்ரல் எட்டாம் தேதி ஒரு குழு தங்கள் ஷிஃப்டில் பாதியை விட்டுக்கொடுக்கிறது. அவர்கள் தலைவியிடம் நானே போய் நின்று கேட்டேன். யாரிடமும் போய் நிற்கிற ஆள் நான் இல்லை, உனக்குத் தெரியும். புதிதாகச் செய். பழையபடி ஒரே நாளில், ஒரே கையால். ஈரம் புகாத எஃகு ஜாடியில் அடைத்து நீயே கையோடு கொண்டு வா. கூரியர் வேண்டாம். அந்த அரை ஷிஃப்ட் போனால் ஜூன்வரை எதுவும் காலி இல்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. புதுப்பொடியிலும் உன் கணக்கு பொய்த்துப்போனால் அந்த எண்ணை உனக்கு எழுத வேண்டியவள் நான்.

வெயிட்டைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

அண்ணி

ஏப்ரல் 6

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொடுக்கிற ஆளைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

பொடி தயாராகிவிட்டது. மூன்றும் நீலம். உலை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் செய்தேன். ஆனால் நான் வரமுடியாது. ஏப்ரல் எட்டாம் தேதிதான் எனக்கு ஆய்வேட்டின் முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கு வைத்திருக்கிறார்கள். நான் நிற்காவிட்டால் அதோடு சரி. மாற்றச் சொல்லி வழிகாட்டியிடம் கெஞ்சினேன். கண்ணாடியைக் கழற்றினார்.

கூடத்தில் இருக்கும் ஒருத்தரையும் நம்பி அனுப்ப மனசு வரவில்லை. அண்ணன் நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே சட்டை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் கொண்டுபோறேன்" என்றார். ஒரு தடவை அவர் கையில் கொடுத்துத்தானே இந்தக் கதி? "திறக்கமாட்டீங்களே?" என்று கேட்டேன். "மடியை விட்டு இறக்கமாட்டேன்" என்றார். எதற்காக ஈரம் ஆகாது, ஆறு என்றால் என்ன, ஏழு என்றால் என்ன என்று ஆதியிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். தாள் எடுத்துப் படம்கூடப் போட்டுக்கொண்டார். நான் இத்தனை வருடமாக என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

ரயில் கிளம்பப் போகிறது. வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை, நல்லதோ கெட்டதோ.

சுண்டெலி

ஏப்ரல் 10

சுண்டெலிக்கு,

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியைப் படிக்காமல் கடைசிக்குத் தாவுவாய். எண்களை நேற்றே அனுப்பிவிட்டேன், பார்த்துவிட்டு அழுதிருப்பாய். ஐந்நூறில் ஆறு. தொள்ளாயிரத்தில் ஏழு. அறுநூற்றைம்பதில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், ஓரத்தில் நிற்கும் அணுக்களின் பங்கு எவ்வளவு என்று நீ கணக்குப் போட்டிருந்தாயோ ஏறக்குறைய அவ்வளவு. திரும்ப எடுத்தேன், அதே எண். நீ சொன்னது சரி. ஈரமான பழைய பொடியின் அளவீட்டையும் மறைக்காமல் ஒரு பகுதியாக எழுதிச் சேர். தேர்வாளர் எதைக் கேட்டாலும் உன்னிடம் பதில் இருக்கும்.

இனி அந்த ஆளைப் பற்றி.

வாசலில் காவலர் ஜாடியைத் திறந்து காட்டச் சொன்னாராம். உங்க அண்ணன் முடியாது என்றிருக்கிறார். விதி என்றால் விதிதான் என்று அவரும் பிடிவாதம். எனக்குத் தகவல் வந்து நான் ஓடிப் போனபோது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? உங்க அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து, இடைவிடாமல். காவலரின் மேசையில் தாளை விரித்து, "பாருங்க சார், இங்க ஆறு நிக்குது, சூடு பண்ணா ஏழு நிக்கும். நீங்க திறந்தீங்கன்னா ஒன்பது ஆயிடும், என் தங்கச்சி படிப்பு போயிடும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். காவலர் பாவம், நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். நான் தூண் ஓரமாக நின்று கேட்டேன். இந்தப் பேச்சில் கால்வாசி ஜனவரியில் என்னிடம் பேசியிருந்தால் நான் அழுதுகொண்டே ரயில் ஏறியிருக்கமாட்டேன் என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஷிஃப்ட் முடியும்வரை பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தார். காலி ஜாடியைத் திருப்பிக் கொடுத்தேன், அதையும் மடியில் வைத்துக்கொண்டார். "ஆறா?" என்றார். ஆறு என்றேன். அப்போதுதான் தண்ணீர் குடித்தார்.

சாப்பிட என் அறைக்குக் கூட்டிப்போகாமல் இருக்கமுடியவில்லை. கீழே இருக்கும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி அதன் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, 'இருங்க, வரேன்' என்று நான் மட்டும் முன்னால் மாடி ஏறினேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அவர் மேலே வந்ததும் சட்டைப் பையிலிருந்து அந்த வெயிட்டை எடுத்தார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். அடுப்பில் இருந்த குக்கரின் மேல் தானே வைத்து, நேராக உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்தார், கடையில் வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியை வைத்துப் பார்ப்பது போல.

"வேலை நல்லா இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அப்ப இங்கேயே இரு. நான் வந்துட்டுப் போறேன்."

அவ்வளவுதான் பேசினார். பருப்பு வேகும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் இது பழைய வாய்மூடல் இல்லை. எங்களுக்குள் என்ன ஆகும் என்று எனக்கு இன்னும் தெரியாது. மே மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வெயிட் இல்லாமல் எப்படிச் சமைக்கிறீர்கள் என்று நீ மார்ச்சில் கேட்டதற்குப் பதில்: இங்கே வந்த முதல் வாரமே நான் ஒரு புது வெயிட் வாங்கிவிட்டேன். முன்னால் மாடி ஏறினேன் என்றேனே, அதற்காகத்தான்; அது குக்கர் மேல் இருந்தது. எடுத்துத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். உங்க அண்ணனிடம் சொல்லிவிடாதே.

அண்ணி